நரம்புக்கலங்களின் இடப்பெயர்வும் கருவுற்ற தாயின் முதல் மாதங்களும்

"தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்னும் கூற்று மலையகத்தில் நெடுங்காலமாக வழங்கி வருவது. மூளையின் ஆற்றல் பரம்பரையால் முடிவு செய்யப்பட்டுவிட்டது என்னும் எண்ணமே அதன் அடியில் உள்ளது. இதனை மறுக்கும் முற்போக்காளரிற் பலர், பிறப்பின் பின்னர் அமையும் பள்ளி, வீடு, வறுமை ஆகியவற்றையே காரணங்களாகச் சுட்டுவர். இவ்விரு சாராரும் பொதுவாகக் கவனியாது விடும் காலப்பகுதி ஒன்று உண்டு. அது மூளையின் நரம்புக்கலங்கள் தாம் தோன்றிய இடத்தைவிட்டுத் தாம் தொழிற்பட வேண்டிய இடத்துக்குப் பெயர்ந்து செல்லும் காலமாகும். இவ்விடப்பெயர்வு எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும், நானுஓயா போன்ற தோட்டப் பகுதியொன்றில் அது எழுப்பும் வினாக்களையும் இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கின்றது.

1. தோற்றமும் பயணமும்

வளர்ந்த மனிதனின் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 1,600 கோடி மூளைய மேற்பட்டையில் அமைந்தவை. சிந்தனை, மொழி, நினைவு ஆகியவற்றுக்கு இன்றியமையாத இம்மேற்பட்டை சில மில்லிமீற்றர் தடிப்பே உடையது. ஆறு படைகளாக ஒழுங்குபட்டது. ஆயினும் மேற்பட்டையின் கலங்கள் மேற்பட்டையிலே தோன்றுவதில்லை. மூளையின் உட்புறத்தே திரவம் நிறைந்துள்ள அறைகளின் சுவரை ஒட்டியே அவை பிறக்கின்றன. அங்கிருந்து வெளிப்புறம் நோக்கி அவை செல்லவேண்டும். மனிதரில் இப்பயணம் பெரும்பாலும் கருவுற்ற எட்டாம் வாரமளவில் தொடங்கி ஆறாம் மாதமளவில் நிறைவெய்துகின்றது.

வழி தெரியாத கலம் எவ்வாறு தன் இடத்தை அடைகின்றது? 1972இல் பாஸ்கோ ராக்கிச், குரங்கின் முதிர்மூலவுருக்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து இதற்கு விடை கண்டார். அறைச் சுவரிலிருந்து மூளையின் வெளிப்பரப்பு வரை நீண்ட நார்களையுடைய ஆரைப் பற்றுக்கலங்கள் அங்கு உள்ளன. இளம் நரம்புக்கலம் அந்நாரைப் பற்றிக்கொண்டு மேலேறுகின்றது. முதலில் தன் முன்முனையை நீட்டும். பின்னர் உட்கருவை முன்னோக்கி இழுக்கும். மீண்டும் முனையை நீட்டும். இவ்வாறு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு தூரமே அது நகரும்.

கலங்கள் அனைத்தும் இவ்வாறு ஏறுவன அல்ல. ஏனைய கலங்களின் தொழிற்பாட்டை அடக்கும் நரம்புக்கலங்களிற் பல, மூளையின் அடிப்பகுதியிலே தோன்றி, குறுக்காக நெடுந்தூரம் சென்று மேற்பட்டையை அடைகின்றன என்பது 1997இல் எலிகளில் நிறுவப்பட்டது. தூண்டும் கலங்களும் அடக்கும் கலங்களும் வெவ்வேறிடங்களிற் பிறந்து ஓரிடத்திற் கூடுவதாலேயே மூளையின் சமநிலை உருவாகின்றது.

2. ஒழுங்கும் குலைவும்

இவ்வேற்றத்தில் வியத்தகு ஒழுங்கொன்று காணப்படுகின்றது. தேயிலை மலையிலே கீழ் நிரைகளில் முதலில் வந்தோர் நின்றுவிட, பின்வந்தோர் அவர்களைக் கடந்து மேல் நிரைகளுக்குச் செல்வதாகக் கொள்வோம். மேற்பட்டையின் அமைப்பும் அத்தகையதே. முதலிற் பிறந்த கலங்கள் ஆழமான படைகளில் அமைய, பின்னர்ப் பிறந்தவை அவற்றைத் தாண்டி மேற்படைகளை அடைகின்றன. கதிர்த்தொழிற்பாடுடைய தைமிடீனைக் கொண்டு கலங்களின் பிறந்தநாளைக் குறித்து, அன்ஜவீன், சிட்மன் என்னும் இருவர் 1961இல் சுண்டெலியில் இதனை மெய்ப்பித்தனர்.

இவ்வொழுங்கு குலைந்தால் நேர்வது யாது? தள்ளாடி நடக்கும் சுண்டெலி வகையொன்று 1951இல் எடின்பரோவில் விவரிக்கப்பட்டது. அதன் மேற்பட்டைப் படைகள் ஏறத்தாழத் தலைகீழாக அமைந்திருந்தன. அதற்குக் காரணமான பரம்பரையலகு 1995இல் இனங்காணப்பட்டது. மேற்பரப்பிலுள்ள கலங்கள் சுரக்கும் 'ரீலின்' என்னும் புரதமே ஏறிவரும் கலங்களை நெறிப்படுத்துகின்றது என்பது இதனால் தெளிவாயிற்று. மனிதரிலும் உட்கருவை இழுக்கும் பொறிமுறைக்குரிய பரம்பரையலகுகள் 1993இலும் 1998இலும் கண்டறியப்பட்டன. அவை பழுதுற்றால் மடிப்புக்களற்ற வழவழப்பான மூளையோ, கலங்கள் நடுவழியிற் தேங்கிய இரட்டை மேற்பட்டையோ உருவாகலாம்; வலிப்பும் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் தொடரலாம். இவை அரிதானவை, தாயின் நடத்தையால் விளைபவை அல்ல. இத்தகைய பிள்ளையைப் பெற்றவளைப் பழிப்பதற்கு அறிவியலில் இடமில்லை.

பரம்பரையைச் சாராத குலைவுகளும் உள. ஹிரோஷிமா, நாகசாகி ஆகிய நகரங்களில் 1945இல் தாயின் வயிற்றிலிருக்கையில் அணுக்குண்டின் கதிர்வீச்சுக்குள்ளானோர் பற்றிய ஆய்வு 1984இல் வெளிவந்தது. கருவுற்ற 8 முதல் 15 வாரங்களில் கதிர்வீச்சுக்குட்பட்டோரிடமே கடும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு மிகுதியாகக் காணப்பட்டது. 16 முதல் 25 வாரங்களில் அது குறைவு. நரம்புக்கலங்கள் பெருகி இடம்பெயரும் காலத்துடன் இது பெரிதும் பொருந்துகின்றது. ஊறு எத்தகையது என்பதோடு அது எப்போது நேர்ந்தது என்பதும் விளைவைத் தீர்மானிக்கின்றது.

3. உப்பும் காலமும்

நம் நாட்டுக்கு இதிலும் நெருங்கிய எடுத்துக்காட்டு அயடீன். தைரொயிட் ஓமோன் உருவாவதற்கு அயடீன் இன்றியமையாதது. கருக்காலத்தின் முதற்பாதியிலே சிசுவின் சுரப்பி தேவைக்கேற்பச் சுரப்பதில்லை. தாயின் ஓமோனையே சிசு பெரிதும் நம்பியிருக்கின்றது. இடப்பெயர்வு முனைப்பாக நிகழ்வதும் அப்போதே. கருக்காலத் தொடக்கத்திற் சிறிது காலம் மட்டும் தாய் எலிகளின் தைரொயிட் ஓமோன் குறைக்கப்பட்டபோது, குட்டிகளின் மேற்பட்டைப் படைகள் எல்லை மங்கியும் கலங்கள் இடம் தவறியும் காணப்பட்டன என ஸ்பானிய ஆய்வாளர் 2004இல் காட்டினர். கடும் அயடீன் குறைபாடு நிலவிய பாப்புவா நியூகினியில் நிகழ்ந்து 1971இல் வெளியான ஆய்வு இதனினும் முந்தியது. கருத்தரிக்குமுன் தாய்க்கு அயடீன் எண்ணெய் ஏற்றப்பட்டால் மட்டுமே பிள்ளை மூளைப் பாதிப்பிலிருந்து காக்கப்பட்டதென அது கண்டது.

இலங்கையின் மழைமிகு ஈரவலயம் கழலைநோய் நிலவிய பகுதியாக நெடுங்காலமாக அறியப்பட்டது. மழைநீர் மண்ணின் அயடீனைக் கழுவிச் செல்வது இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. 1995இல் உணவு உப்புக்கு அயடீன் சேர்த்தல் சட்டமாக்கப்பட்டது. இது பெரும் முன்னேற்றமே. எனினும் உப்பைக் கழுவினாலும், ஈரத்தில் திறந்து வைத்தாலும் அயடீன் இழக்கப்படும். நானுஓயாவின் ஓயாத ஈரத்தில், அடுப்பங்கரையிலே திறந்த ஏனத்தில் உப்பை வைக்கும் லயத்து வீட்டில் இது சிறு செய்தியன்று. கருவுற்ற பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் அயடீன் 150 மைக்ரோகிராமிலிருந்து 250 ஆக உயர்கின்றது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

4. தோட்டத்தில் எழும் வினா

கருவுற்ற தாய் 8 வாரங்களுக்குள் பதிவு செய்யப்படவேண்டும் என்பது நம் சுகாதாரத் துறையின் வழிகாட்டல். இடப்பெயர்வு தொடங்கும் வேளையும் அதுவே. ஆனால் நாட்கூலிக்குக் கொழுந்தெடுக்கும் பெண் கிளினிக் சென்றால் அன்றைய பேர் இல்லாமற் போகும். ஆகவே அவள் வயிறு தெரியும்வரை காத்திருப்பாளாயின் அதனை அறியாமை எனல் தவறு. அது கூலிமுறையின் விளைவு. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச்சட்டம் பேற்றுக்கு முந்திய இரு வாரங்களையும் பிந்திய பத்து வாரங்களையுமே விடுமுறையாகக் கணிக்கின்றது. மேற்பட்டையின் கலங்கள் இடம் சேர்ந்து மாதங்கள் கழிந்த பின்னரே அவ்விடுமுறை தொடங்குகின்றது.

இங்கு மிகைபடக் கூறலாகாது. கொழுந்தெடுத்தலே நரம்புக்கலங்களின் பயணத்தைக் குலைக்கும் என்பதற்குச் சான்றில்லை. 2016ஆம் ஆண்டுக் கணிப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே வயதுக்கேற்ற உயரமின்மை நாடெங்கும் 17 வீதமாகவும் தோட்டத்துறையில் 32 வீதமாகவும் இருந்தது. அது உடல் வளர்ச்சியின் அளவேயன்றி மூளைப் படைகளின் அளவன்று. ஆயினும் எந்தத் தாயர் ஊட்டமும் மருத்துவமும் குறைந்து வாழ்கின்றனர் என்பதை அது காட்டுகின்றது.

இத்துறையில் ஆய்வு நம் அண்மையிலும் வளர்ந்து வருகின்றது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மூளை ஆய்வு மையம், நடுக்கருக்கால மூளைகளின் 5,132 வெட்டுமுகங்களைப் படமாக்கி, 'தரணி' என்னும் பெயரில் 2024 டிசம்பரில் உலகோர் பயன்பாட்டுக்கு வெளியிட்டது. இடப்பெயர்வு நிகழும் மாதங்களின் மனித மூளையை இனிக் கலங்கலமாகக் காணலாம்.

முடிவாக, "படிப்பு ஏறாது" என்பது விதியுமன்று, தாயின் குற்றமுமன்று. பெரும்பாலான பிள்ளைகளின் நரம்புக்கலங்கள் வறுமையிடையேயும் தத்தம் இடத்தைச் செவ்வனே அடைகின்றன. ஊறு நேரத்தக்க வாரங்களோ எண்ணத்தக்கவை. அவற்றைக் காக்கும் வழிகளும் எளியவை. கூலி குறையாது கிளினிக் செல்லும் உரிமை, அயடீன் கெடாத உப்பு, கருத்தரிக்குமுன்பே நல்லூட்டம் ஆகியன அவை. பள்ளிச் சீர்திருத்தம் பேசுவோர் தம் கோரிக்கைப் பட்டியலில் இவற்றையும் சேர்த்தல் வேண்டும்.