உங்களுக்குத் தெரியுமா? வலியில்லாத காலிலும் ‘கோளாறு’!

வலி என்பதே அறியாத, மூட்டை சுமந்து ஓடும் ராணுவ வீரரின் கணுக்காலிலும் அல்ட்ராசவுண்ட் ‘கோளாறு’ காட்டக்கூடும். தசைநாண் உறைக்குள் கொஞ்சம் நீர் தெரிவது ஆரோக்கியமானவர்களிடமும் உண்டு. எது இயல்பு என்று அறிய, நோயில்லாத கால்களையும் பார்த்தாக வேண்டும்.

• ஸ்கேன் கருவியைச் சில டிகிரி சாய்த்தாலே போதும். வெண்மையாகத் தெரிந்த நல்ல நாண் கறுத்து, கிழிந்ததுபோல் தோன்றும். பழகாத கை என்றால் இல்லாத காயமும் அறிக்கையில் ஏறிவிடும்!

• குதிகால் நாணின் இயல்பான தடிமன் சுமார் 4 முதல் 6 மி.மீ.தான். ஓடும்போது அது தாங்குவதோ உடல் எடையைப்போலப் பல மடங்கு.

• பாதத்தை அசைக்கச் சொல்லி, வெளிக்கணுக்கால் எலும்பின் பின்னுள்ள நாண்கள் நழுவுகின்றனவா என்று திரையில் அப்போதே பார்க்கலாம்.