இரு தெருக்களும் இரு கடைகளும்



சென்னையின் தென்பகுதியில் உள்ள வேளச்சேரி ஒரு காலத்தில் நெல் விளைந்த சிற்றூர். ஏரியும் தண்டீசுவரர் கோயிலும் அதன் பழைமைக்குச் சான்றாக இன்றும் விளங்குகின்றன. 2000ஆம் ஆண்டில் அடுத்துள்ள தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. 2007இல் பறக்கும் இரயில் இவ்வூரை எட்டியது. வயல்கள் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அவற்றிற்கு அருகிலேயே, நாட்கூலியால் வாழும் குடும்பங்களின் குறுந்தெருக்களும் உள்ளன.

மாலையில் உலவச் செல்லும்போது இவ்விரு வகைத் தெருக்களிலும் உள்ள கடைகளைக் காண்கிறேன். பெரிய தெருவின் அங்காடியில் பத்து வகை அரிசியும், குளிர்பெட்டியில் வாடாத கீரையும், பலவகைப் பழங்களும் இருக்கின்றன. குறுந்தெருவின் மளிகைக் கடையிலோ ஒரு வகை அரிசி, இரண்டு வகைப் பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, வாடிய தக்காளி. முன்புறத்தில் சரம் சரமாகத் தொங்கும் நொறுக்குத்தீனிப் பொட்டலங்கள். நடந்தால் பத்து நிமிட தூரந்தான். இவ்வேறுபாடு ஏன்?

சிறு கடைக்காரரின் பேராசையே காரணம் என்பர் சிலர். அது பொருந்தாது. கடை என்பது தெருவின் கண்ணாடி. எப்பொருள் விரைந்து விற்குமோ அப்பொருளையே வணிகர் வாங்கி வைப்பார். காலையில் வாங்கிய கீரை மாலைக்குள் விற்காவிடில் அவருக்கு இழப்பு. பொட்டலத்தில் அடைத்த தீனியோ மாதக்கணக்கில் கெடாது. குளிர்பெட்டிக்கு முதல் வேண்டும், மின்கட்டணமும் வேண்டும். கோயம்பேட்டுச் சந்தையில் முதல் தரக் காய்க்கு நல்ல விலை கொடுப்பவர் பெரிய அங்காடிக்காரர். எஞ்சியதை வாங்குபவர் சிறியவர்.

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். துவரம்பருப்பு கிலோ 160 ரூபாய் எனக் கொள்க. அவ்விலைப்படி 50 கிராம் எட்டு ரூபாய் ஆகும். சில்லறையாக அதனைப் பத்து ரூபாய்க்கு விற்றால், வாங்குபவர் கிலோவுக்கு 200 ரூபாய் கொடுத்தவர் ஆகிறார். அதாவது, வசதியுள்ளவரைவிடக் கால்பங்கு மிகுதி! உறையில் அச்சிட்ட பொருளுக்கு அதிகபட்ச சில்லறை விலை எல்லாத் தெருவிலும் ஒன்றே என்பது உண்மை. ஆயினும் அவ்விலையிற் குறைத்துத் தள்ளுபடி தருவது பெரிய அங்காடி; முழுவிலையும் கொடுப்பவர் குறுந்தெருவினர்.

எங்கள் இல்லத்தில் பணிபுரியும் அம்மையாரிடம், “மொத்தமாக வாங்கினால் மிச்சமாகுமே, அம்மா!” என்று ஒருநாள் ஆசிரியப் பழக்கத்தால் அறிவுரை கூறினேன். அவர், “ஐயா, ஒரு கிலோவுக்குக் காசு சேர்ந்தாத்தானே ஒரு கிலோ வாங்க முடியும்?” என்றார். நாற்பது ஆண்டுகள் கணக்குச் சொல்லிக் கொடுத்த எனக்கு அக்கணக்கு அன்றுதான் விளங்கிற்று. அவர் கையில் காசில்லாத நாளில் பற்றுவரவு நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி கொடுப்பவரும் அச்சிறு கடைக்காரரே என்பதையும் மறத்தலாகாது.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து நெசவாளர் முதலானோர் 1844இல் தாமே முதல் திரட்டிக் கலப்படமற்ற பொருள்களை விற்கும் கடையைத் தொடங்கினர். அவ்வழியில் 1904ஆம் ஆண்டில் நம் சென்னையிலேயே திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. சிறு முதல்கள் சேர்ந்தால் பெருங்கொள்முதல் ஆகும் என்பதே அதன் தத்துவம்.

தமிழகத்தின் நியாயவிலைக் கடையும் இவ்வேறுபாட்டைக் குறைக்கின்றது. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது வினியோகத் திட்டத்தில் துவரம்பருப்பும் பாமாயிலும் குறைந்த விலைக்கு வழங்கப்பெறுகின்றன. 2011 முதல் அரிசி அட்டைதாரர்க்கு அரிசி விலையின்றிக் கிடைக்கின்றது. அங்கே கிலோ வாங்கும் விலைக்கும் தெருவின் செல்வத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் அங்கே காய் இல்லை, கீரை இல்லை, பழம் இல்லை. வயிறு நிறைகிறது, உடல் வளரத் தேவையான பிற சத்துகளுக்குக் குறுந்தெருவின் வாடிய தக்காளியையே நம்ப வேண்டியுள்ளது. 2013இல் கூட்டுறவுத் துறை சென்னையில் திறந்த பண்ணை பசுமைக் காய்கறிக் கடைகள் இக்குறையை நோக்கி எடுத்த நல்ல அடியாகும். அத்தகைய கடைகள் பெரிய சாலையில் மட்டுமன்றி, நடந்துசெல்லும் எல்லையில் குறுந்தெருக்களின் முனையிலும் அமைதல் வேண்டும்.

வகுப்பில் பின்வரிசைப் பிள்ளைக்கும் முன்வரிசைப் பிள்ளைக்கும் ஒரே பாடத்தையே நடத்துகிறோம். பருப்புக்கும் கீரைக்கும் அந்நீதி ஆகாதோ? எட்டு ரூபாய்ப் பொருளுக்குப் பத்து ரூபாய் கொடுப்பவர், நம் இல்லத்தில் காலையில் வாசல் தெளிப்பவரே என்பதை நினைவிற் கொள்வோமாக.