அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு: சொல்லும் செயலும்

முன்னுரை

காரவள்ளி கொல்லிமலையின் அடிவாரத்து ஊர். மலையேறும் பழைய சாலை இங்குத் தொடங்கி 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே செல்கின்றது. மலையில் விளையும் மிளகும் காப்பியும் பலாவும் தேனும் இவ்வழியே கீழிறங்கி நாட்டில் பரவுகின்றன. சங்கச் சான்றோர் பாடிய கொல்லி இது. வல்வில் ஓரி ஆண்ட மலையும் இதுவே. இத்தகைய மலையின் பெயர் அதன் விளைபொருளுக்கு மதிப்பைத் தரும். மதிப்புள்ள பெயர் எங்குளதோ அங்கே அப்பெயரைப் பிற பொருளுக்குச் சூட்டும் வாய்ப்பும் உளது. ஆதலின், 'இது தூய தேனா? இக்காப்பி கலப்பற்றதா?' என்னும் வினாக்கள் வாங்குவாருக்கு மட்டும் உரியன அல்ல. விளைவிப்பாரின் நற்பெயரும் அவற்றைச் சார்ந்தே நிற்கின்றது.

இவ்வினாக்களுக்கு விடை காண வேதியியலார் கையாளும் கருவிகளுள் ஒன்று அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலைமானி. முன்னர்த் தனி அறையை வேண்டிநின்ற இக்கருவி, இப்போது மேசைமேல் வைத்துப் பயிலும் அளவிலும் கிடைக்கின்றது. அதன் இயல்பை அதற்கு வழங்கும் தமிழ்ச் சொற்களின் வழியே விளக்குவதும், அது விடை கூறும் வினா எது, கூறாத வினா எது என வரையறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

1. சொற்பொருள்

முதற்கண் 'அணுக்கரு' என்னும் சொல்லை நோக்குவோம். இச்சொல்லைக் கேட்டவுடன் அணுகுண்டும் கதிர்வீச்சும் சிலர் நினைவுக்கு வரும். ஈண்டு அணுக்கரு பிளக்கப்படுவதும் இல்லை. கேடு விளைக்கும் கதிர் எழுவதும் இல்லை. அணுவின் நடுவிலுள்ள கரு, தான் பிறந்த காந்த இயல்போடு இருந்தபடியே இருக்கின்றது. மருத்துவமனைகளில் உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் காந்த ஒத்ததிர்வுக் கருவியும் இதே நெறியில் இயங்குவதே. மக்கள் அஞ்சுவர் என்றே அதன் பெயரிலிருந்து 'அணுக்கரு' என்னும் பகுதியை விட்டனர்.

அடுத்து 'ஒத்ததிர்வு'. இதனை 'உடனிசைவு' என்றும் வழங்குவர். இரண்டும் பொருந்திய ஆக்கங்களே. ஒரே சுருதிக்குக் கூட்டிய இரு நரம்புகளுள் ஒன்றைத் தெறித்தால், தொடாத மற்றொன்றும் அதிரும். சுருதி வேறுபடின் அதிராது. இணை, கிளை, பகை, நட்பு என நரம்புகளின் உறவை வகுத்த இசை மரபினர்க்கு இக்கருத்து புதிதன்று. கருவியிலும் இதுவே நிகழ்கின்றது. நீரக அணுவின் கரு ஒரு சிறு காந்தம் போன்றது. வலிய காந்தப் புலத்தில் வைத்தால் அது சாய்ந்து சுழலும் பம்பரம் போலத் தலைசுற்றி ஆடும். அவ்வாட்டத்தின் விரைவு புலத்தின் வலிமையைப் பொறுத்தது: புலம் 1 டெஸ்லாவாயின் நொடிக்கு ஏறத்தாழ 4.26 கோடி முறை, அதாவது 42.6 மெகாஹெர்ட்ஸ். அதே அதிர்வெண்ணுடைய வானொலி அலையைச் செலுத்தினால் கரு அவ்வலையின் ஆற்றலை ஏற்கும். அலை நின்றபின் கருவே சிறிது நேரம் ஒலிபரப்பும். அம்மெல்லிய 'ஒலியைக்' கேட்பதே கருவியின் தொழில்.

மூன்றாவது 'நிறமாலை'. வானொலி அலைக்கு நிறம் இல்லை. கதிரொளியைப் பிரித்த காலத்தில் தோன்றிய பெயர், ஒளியல்லாத அலைகளின் வரிசைக்கும் ஆகிவந்துள்ளது. ஆகுபெயரை அறிந்தார்க்கு இதில் இடர்ப்பாடு இல்லை. எனினும், இங்கு வண்ணங்களைத் தேடுதல் கூடாது. தாளில் தோன்றுவது மேடும் பள்ளமுமாகிய ஒரு கோடே.

2. தோற்றமும் வளர்ச்சியும்

அணுக்கருவின் ஒத்ததிர்வை மூலக்கூற்றுக் கற்றைகளில் ராபி 1938இல் கண்டார். நீர், மெழுகு போன்ற பருப்பொருள்களில் அதனைக் கண்ட பெருமை பிளாக், பர்செல் ஆகிய இருவர் தலைமையில் தனித்தனியே ஆய்ந்த குழுக்களுக்கு உரியது. அவர்தம் முடிவுகள் 1946இல் வெளிவந்தன. 1952இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

இவ்வரலாற்றில் இந்தியர் பங்கும் குறிக்கத்தக்கது. எத்தில் ஆல்ககாலின் ஒரே மூலக்கூற்றிலுள்ள நீரக அணுக்கள் மூன்று தனிக் குறிகளாகப் பிரிந்து தோன்றுவதை 1951இல் ஸ்டான்போர்டில் காட்டிய மூவருள் தர்மாத்தி ஒருவர். அவர் பின்னர்ப் பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறையை வளர்த்தார். அதே 1951இல் பெங்களூரில் சூரியன் என்னும் இயற்பியலார் ஓடும் நீர்மங்களில் இவ்வொத்ததிர்வை ஆராய்ந்து எழுதினார்.

1961இல் வெளிவந்த 60 மெகாஹெர்ட்ஸ் கருவி ஒன்று வேதியியற் கூடங்களில் இம்முறையைப் பரப்பியது. பின்னர் மீக்கடத்துக் காந்தங்கள் வந்து 400, 600 மெகாஹெர்ட்ஸ் எனக் கருவிகள் உயர்ந்தன. இப்போது மேசைமேல் அமரும் கருவிகள் மீண்டும் 60, 80, 100 மெகாஹெர்ட்ஸ் அளவில் உள்ளன. பழைய எண்ணே திரும்பியது போலத் தோன்றினும், கணிப்பொறியின் துணையும் புதுவகைக் காந்தமும் சேர்ந்தமையால் கருவி பழையதன்று.

3. நிறமாலை தரும் மூன்று செய்திகள்

ஒரு பொருளிலுள்ள நீரக அணுக்கள் அனைத்தும் ஒரே அதிர்வெண்ணில் ஒலித்தால் இக்கருவியால் பயன் சிறிதே. ஒவ்வொரு கருவையும் சூழ்ந்துள்ள எதிர்மின்னிகள் புலத்தைச் சிறிது மறைக்கின்றன. மறைப்பு இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது. இதனால் விளையும் மாற்றத்தை வேதிப்பெயர்ச்சி என்பர். இம்மாற்றம் மிக நுண்ணியது. ஆதலின் பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என்றே குறிப்பர். டெட்ராமெத்தில் சிலேன் என்னும் பொருளின் குறி சுழி எனக் கொள்ளப்படும். எத்தில் ஆல்ககாலின் மெத்தில் தொகுதி 1.2 அளவிலும், அதனை அடுத்த மெத்திலீன் தொகுதி 3.7 அளவிலும் தோன்றும். குறியின் இடம் அணுவின் சூழலைக் கூறும் என்பது முதற் செய்தி.

குறியின் பரப்பு அணுக்களின் எண்ணிக்கையைக் கூறும் என்பது இரண்டாவது. எத்தில் ஆல்ககாலின் மூன்று குறிகளின் பரப்பு 3 : 2 : 1 என அமையும். எடைத்தட்டு இல்லாமலே விகிதம் பெறுதற்கு இது வழி.

மூன்றாவது பிளவு. அடுத்த கரிம அணுவிலுள்ள நீரகக் கருக்கள் ஒரு குறியைப் பலவாகப் பிரிக்கும். அண்டையில் இரண்டு இருப்பின் மூன்றாகவும், மூன்று இருப்பின் நான்காகவும் குறி பிரியும். வருமொழியின் முதலெழுத்தை நோக்கி நிலைமொழியின் ஈறு திரியும் புணர்ச்சியை இதற்கு ஒப்பாகக் கூறலாம்: திரிபைக் கண்டு அண்டையில் நின்றது யாது என அறிகின்றோம்.

4. மேசைக்கருவியின் ஆற்றலும் எல்லையும்

பெருங்கருவியின் காந்தம் கம்பிச்சுருளால் ஆனது. அது மின்தடையின்றி இயங்குதற்குச் சுழிக்குக் கீழ் 269 பாகை செல்சியசு குளிர்ச்சியுள்ள நீர்ம ஹீலியம் வேண்டும். இடையிடையே அதனை நிரப்பவும் வேண்டும். மேசைக்கருவியில் இஃது இல்லை. நியோடிமியம் அல்லது சமாரியம் கலந்த நிலைக்காந்தத் துண்டுகளை வளையமாக அடுக்கி, உள்ளே புலம் வலிதாகவும் வெளியே மெலிதாகவும் அமைக்கின்றனர். இவ்வடுக்கு முறை ஹால்பாக் என்னும் அறிஞர் பெயரால் வழங்குகின்றது. 60 மெகாஹெர்ட்ஸ் கருவியின் புலம் ஏறத்தாழ 1.4 டெஸ்லா, நம் நிலத்தில் புவியின் காந்தப் புலத்தைப் போல் முப்பதாயிரம் மடங்குக்கு மேற்பட்டது. சிறு கல்லூரியும் இதனை வைத்துப் பயிலலாம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு.

எல்லைகள் இரண்டு. ஒன்று நுண்மை குறைவு. அறை வெப்பத்தில், 60 மெகாஹெர்ட்ஸ் கருவியில், புலத்தோடு ஒத்து நிற்கும் கருக்கள் எதிர்த்து நிற்பவற்றைவிடப் பத்து இலட்சத்திற்கு ஏறத்தாழ 5 மட்டுமே மிகுதி. அம்மிகுதியே குறியைத் தருவது. ஆதலின் மிக நீர்த்த கரைசல்கள் இதற்கு ஏற்றன அல்ல.

மற்றொன்று குறிகளின் நெருக்கம். பிளவின் அளவு காந்தத்தைப் பொறுத்து மாறாது; எத்தில் தொகுதியில் அது 7 ஹெர்ட்ஸ் அளவினது. குறிகளுக்கிடையே உள்ள தொலைவோ காந்தத்தோடு வளரும். 0.1 அளவு விலகிய இரு குறிகள் 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 40 ஹெர்ட்ஸ் விலகி நிற்கும். 60இல் 6 ஹெர்ட்ஸே விலகும். அப்போது ஒன்றன் பிளவு மற்றொன்றன்மேல் ஏறும். புள்ளியிடாது எழுதிய ஏட்டுச்சுவடியைப் படிப்பதோடு இது ஒக்கும்: எழுத்துத் தவறன்று, வேறுபாடு காட்டும் குறியே இல்லை. பொருளை முன்னறிந்தவர் படித்துவிடுவர், அறியாதவர் மயங்குவர்.

5. பயன்படுத்தும் முறை

ஆய்பொருளைக் கரைத்து, 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் இடுவர். கரைசலில் தூசு இருத்தல் ஆகாது. இருப்பின் புலம் சீர்குலைந்து குறிகள் அகலும். நிலைக்காந்தத்தின் வலிமை வெப்பத்தோடு மாறுவதால், கருவியின் உட்புறம் ஒரே வெப்பத்தில் காக்கப்படுகின்றது; வெயில் விழும் பலகணியருகே அதனை வைத்தல் நன்றன்று. நாள்தோறும் முதலில் ஒரு தெரிந்த பொருளை வைத்துப் புலத்தைச் சீராக்கிய பின்னரே ஆய்பொருளை வைத்தல் முறை. குறி மெலிதாயின் அளவீட்டைப் பன்முறை செய்து கூட்டுவர். நான்கு முறை கூட்டின் தெளிவு இரு மடங்காகும். பதினாறு முறை கூட்டின் நான்கு மடங்காகும். பொறுமைக்குக் கிடைக்கும் பயன் இவ்வாறு அளவுபட்டதே.

6. காப்பியும் தேனும்

இனி, கொல்லி விளைபொருள்களை நினைவிற் கொண்டு, கருவிக்கு ஏற்ற வினாவையும் ஏலாத வினாவையும் பிரித்தறிவோம்.

காப்பியில் அராபிகா விலை மிக்கது. ரொபஸ்டா விலை குறைந்தது. ரொபஸ்டாவில் மிகுதியாக உள்ள 16-ஓ-மெத்தில்கபெஸ்டால் என்னும் பொருள் 3.16 அளவில் தனிக் குறி ஒன்றைத் தருகின்றது. அண்டையில் வேறு குறி நெருங்காமையால் 60 மெகாஹெர்ட்ஸ் கருவியும் அதனைக் காணும். வறுத்தரைத்த காப்பித்தூளிலிருந்து எண்ணெய்ப் பகுதியைக் குளோரோபாரத்தில் பிரித்தெடுத்தால் போதும். இங்கிலாந்தில் நாரிச்சு நகர ஆய்வாளர் இவ்வாறு ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு கருதத்தக்கது. அராபிகாவில் அறவே இல்லை என நெடுநாள் நம்பிய அப்பொருள், மூலம் உறுதியான 30 அராபிகாக் காப்பிகளிலும் சிறிதளவு இருக்கக் கண்டனர். ஆகவே, 'உண்டா இல்லையா' என்னும் வினா 'எவ்வளவு' என்னும் வினாவாக மாறியது. கடைகளில் தூய அராபிகா என விற்ற 60 மாதிரிகளுள் 6இல் கலப்பெனக் கொள்ளத்தக்க அளவு காணப்பட்டது. குறி உண்டு என்பதை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறியிருந்தால், குற்றமற்ற உழவர் பலர் பழி சுமந்திருப்பர்.

தேன் இதனின் வேறு. அதன் பெரும்பகுதி பழச்சர்க்கரையும் குளுக்கோசும்; எஞ்சியதில் மிகுதி நீர். சர்க்கரைக் குறிகள் 3 முதல் 5.5 வரை நெருங்கிக் கிடக்கின்றன. நீரின் குறியும் அவற்றினிடையே விழுகின்றது. சேர்க்கும் பாகும் சர்க்கரையே ஆதலின், தேனுக்கும் கலப்புக்கும் உள்ள வேறுபாடு சிறு குறிகளிலேயே அமையும். ஆகவே தேனாய்வில் பெரும்பாலும் 400 மெகாஹெர்ட்ஸ் கருவியைக் கையாண்டு, முழு நிறமாலையையும் தூய தேன்களின் தொகுப்போடு ஒப்பிடுகின்றனர். 2020 ஆகஸ்டு 1 முதல் இந்தியாவில் ஏற்றுமதித் தேனுக்கு இவ்வாய்வு கட்டாயமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அறிவியல் சுற்றுச்சூழல் நடுவம் 13 வணிகப் பெயர்களின் தேன்களை ஜெர்மனியில் ஆய்வித்து, 3 மட்டுமே இதில் தேறின என வெளியிட்டது. அம்முடிவைக் குறித்து வாதங்கள் எழுந்தன.

இங்கே நாம் கருத வேண்டுவது ஒன்றுண்டு. ஒப்பிடுதற்கு உரிய தொகுப்பே தீர்ப்பின் அடிப்படை. ஒரு மலையின் தேன் அத்தொகுப்பில் இடம்பெறாதாயின், அதன் இயல்பான தனித்தன்மையே குறையாகத் தோன்றவும் கூடும். ஒரு சுவடி மட்டும் கொண்டு பாடத்தை வரையறுப்பாரை நாம் ஏற்பதில்லை. பல சுவடிகளை ஒப்புநோக்குகின்றோம். தேனுக்கும் அதுவே நெறியாகும்.

முடிவுரை

மேசைக்கருவி பெருங்கருவிக்கு மாற்று அன்று. தனித்து நிற்கும் குறியுள்ள பொருளை அளத்தற்கும், வினை முற்றியதா என அறிதற்கும், மாணவர்க்கு இம்முறையைப் பயிற்றுதற்கும் அது சாலும். நெருங்கிய பல குறிகளுள் சிறு வேறுபாட்டைத் தேடுதற்கு அது சாலாது. எந்தக் கருவியும் 'மெய்' என்றோ 'பொய்' என்றோ சொல்வதில்லை. 'இவ்விடத்தில் இவ்வளவு' என்று மட்டுமே சொல்கின்றது. மெய்யும் பொய்யும் ஒப்புநோக்குவாரின் முடிபுகள். கொல்லியின் பல ஊர்களில், பல பருவங்களில் எடுத்த தேனும் காப்பியும் முறையாக ஆராயப்பட்டுத் தொகுக்கப்படுமாயின், காரவள்ளி வழியே இறங்கும் பொருளுக்கு அத்தொகுப்பே சான்று கூறும். அதனைச் செய்ய வேண்டுவார் வேதியியலார். அவர் செய்வதை உழவரும் உணரும்படி தெளிந்த சொற்களால் விளக்குதல் தமிழ் கற்றார்க்கு உரிய கடனாகும்.