நூலகம் எமக்கும் உரியது

நூலகம் என்றதும், அது படித்தவர்கள் போய்வரும் இடம் என்று பெண்கள் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். போராலும் இடம்பெயர்வாலும் கல்வி இடைநின்ற பெண்களிடம் இந்தத் தயக்கம் இன்னும் அதிகம். ஆனால் பொது நூலகம் எல்லோருக்கும் பொதுவானது.

2009இல் யுனெஸ்கோ அங்கீகரித்த பல்பண்பாட்டு நூலக விஞ்ஞாபனம் நான்கு விடயங்களை வலியுறுத்துகிறது. மொழி, பண்பாடு காரணமாக எவரையும் வேறுபடுத்தலாகாது. தகவல்கள் மக்களின் மொழியிலும் எழுத்திலும் கிடைக்க வேண்டும். நூல்களும் சேவைகளும் எல்லாச் சமூகத்தினரின் தேவையையும் நிறைவுசெய்ய வேண்டும். அச்சமூகங்களைச் சேர்ந்தோரும் அங்கு பணியாற்ற வேண்டும்.

எமது நாட்டில் சிங்களத்துடன் தமிழும் 1987 முதல் அரசகரும மொழி. ஆகவே நூலக அறிவித்தலையும் விண்ணப்பப் படிவத்தையும் தமிழில் கேட்பது சலுகை கேட்பதாகாது, அது உரிமை.

நூலகம் செய்யக்கூடியவை பல. வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பத்திரிகையை உரத்து வாசித்துக் காட்டலாம். சிறுவர் பகுதியில் பாட்டிமாரை அழைத்துக் கதை சொல்ல வைக்கலாம். தமிழும் சிங்களமும் அருகருகே அச்சான சிறுவர் நூல்களை வைத்தால், பிள்ளைகள் அயலவரின் மொழியையும் அச்சமின்றிக் கற்பர். முகவரிச் சான்று இல்லாத இடம்பெயர்ந்த குடும்பங்களையும், தற்காலிக அங்கத்தவராகவேனும் சேர்த்துக்கொள்ளலாம்.

கேட்காமல் இவை கிடைப்பது அரிது. உங்கள் ஊர் நூலகத்தை நடத்துவது பிரதேச சபையானால், மாதர் சங்கத்தின் ஊடாக அச்சபைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தேவையான நூல்களின் பட்டியலையும் இணையுங்கள். அடுத்த முறை பிள்ளையை அங்கு அழைத்துச் செல்லும்போது, வாசலில் நின்றுவிடாது நீங்களும் உள்ளே செல்லுங்கள்.