ரிமோட் டெஸ்க்டாப் வேலை: லைசென்ஸ் யாருடையது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சிலர் என்னிடம் ஒரே மாதிரியான கேள்வியைக் கேட்கின்றனர். "மகன் புரோகிராமராக இருக்கிறான். வாரத்தில் சில நாட்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே அலுவலகக் கம்ப்யூட்டருடன் இணைந்து வேலை பார்க்கிறான். அவன் பயன்படுத்தும் சாப்ட்வேருக்கெல்லாம் நாமும் லைசென்ஸ் வாங்க வேண்டுமா?"

பெரும்பாலும் வேண்டியதில்லை. ரிமோட் டெஸ்க்டாப்பில் புரோகிராம் இயங்குவது அலுவலகக் கம்ப்யூட்டரில்தான். நம் வீட்டிற்கு அதன் திரைக் காட்சி மட்டுமே வருகிறது. நாம் தட்டும் கீகளும் மவுஸ் அசைவுகளும் அங்கு செல்கின்றன. வீட்டில் எதுவும் இன்ஸ்டால் ஆகவில்லை என்பதால், அலுவலக லைசென்ஸ் கீயை வீட்டுக் கம்ப்யூட்டரில் பதியும் அவசியமும் இல்லை. ஆனாலும் கவனிக்க வேண்டியவை சில உள்ளன.

முதலில் விண்டோஸ். உங்களிடம் இருப்பது விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு என்றாலும் அதிலிருந்து வேறு கம்ப்யூட்டருக்குத் தாராளமாக இணையலாம். ஆனால் வெளியிலிருந்து இணைப்பை ஏற்கும் வசதி ஹோம் பதிப்பில் இல்லை; அதற்கு புரோ அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு வேண்டும். 2001ல் வந்த எக்ஸ்பி காலத்திலிருந்தே இந்தப் பாகுபாடு உண்டு. புரோ பதிப்பிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்திட முடியும். வெளியிலிருந்து ஒருவர் நுழைந்தால், அங்குள்ள மானிட்டர் லாக் ஆகிவிடும். சிஸ்டத்தின் டி.எல்.எல். பைல் ஒன்றை மாற்றிப் பலரை ஒரே நேரத்தில் நுழைய வைக்கும் வழிகள் இணையத்தில் கிடைக்கின்றன. இவை லைசென்ஸ் விதிகளுக்கு எதிரானவை. அடுத்த விண்டோஸ் அப்டேட்டில் செயல்படாமலும் போகலாம். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பலர் ஒரே கம்ப்யூட்டரில் வேலை பார்க்க வேண்டும் என்றால் விண்டோஸ் சர்வர் தேவை. அதில் நிர்வாகப் பணிக்கென இரண்டு இணைப்புகள் மட்டும் தனிக் கட்டணமின்றிக் கிடைக்கும். புரோகிராம் எழுதும் அன்றாட வேலைக்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு ஆர்.டி.எஸ். கால் எனப்படும் லைசென்ஸ் வாங்க வேண்டும். இது ஆளுக்கு ஒன்று, சாதனத்திற்கு ஒன்று என இரு வகைகளில் உள்ளது. ஒரே ஆள் லேப்டாப், வீட்டுக் கம்ப்யூட்டர், டேப்லட் என மாறி மாறி நுழைந்தால் ஆளுக்கு ஒன்று என்ற வகை லாபம். ஒரே கம்ப்யூட்டரில் ஷிப்ட் முறையில் மூவர் அமர்ந்தால் சாதன வகை போதும். சர்வரில் இந்த வசதியை அமைத்த பின் 120 நாட்கள் லைசென்ஸ் இன்றியும் இயங்கும். "நன்றாகத்தானே போகிறது" என்று அலுவலகம் மறந்திருக்கும் வேளையில் ஒரு நாள் காலை யாரும் நுழைய முடியாது.

அடுத்து, டெவலப்பர்கள் பயன்படுத்தும் டூல்கள். விஷுவல் ஸ்டுடியோவைக் காசு கொடுத்து வாங்கினால் லைசென்ஸ் ஆளின் பெயரில் வரும். எங்கிருந்து நுழைகிறார் என்பது பெரிய விஷயமல்ல. சில சாப்ட்வேர்கள் ஒரு குறிப்பிட்ட கம்ப்யூட்டருக்கு மட்டும் பூட்டப்பட்டவை. இவற்றில் சில, அந்தக் கம்ப்யூட்டரின் முன் அமர்ந்தால் இயங்கும். ரிமோட் டெஸ்க்டாப்பில் திறந்தால் மறுத்துவிடும். பிளெக்ஸ்எல்எம் என்ற லைசென்ஸ் முறையில் இதற்கென்றே மைனஸ் 103 என்ற பிழை எண் உண்டு. கம்ப்யூட்டரில் கோளாறு எதுவும் இல்லை. விற்ற நிறுவனத்திடம் ரிமோட் அனுமதியுடன் கூடிய லைசென்ஸ் கேட்க வேண்டும்.

மூன்றாவது வகைதான் அதிகம் படுத்துகிறது. நான் அவ்வப்போது சென்று உதவும் ஒரு சிறிய அலுவலகத்தில் ஆறு டெவலப்பர்கள். விலை உயர்ந்த டூல் ஒன்றுக்கு நான்கு லைசென்ஸ்கள். யார் திறக்கிறாரோ அவருக்கு ஒன்று சென்று, மூடியதும் பொதுவிற்குத் திரும்பிவிடும். ஒரு நாள் காலை இருவர்தான் வேலையில் இருந்தனர். மூன்றாவதாக வந்த பெண்ணுக்கு "லைசென்ஸ் இல்லை" என்று செய்தி வந்தது. அன்று மாலைக்குள் அவர் வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய வேலை நின்று போனது. மேலதிகாரி மேலும் இரண்டு லைசென்ஸ் வாங்கவே தயாராகிவிட்டார்.

சர்வரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, "க்வெரி யூசர்" கட்டளையை ஆங்கிலத்தில் டைப் செய்து பார்த்தேன். முந்தைய இரவு சென்ற இருவரின் பெயர்கள் "டிஸ்க்" என்ற நிலையில் நின்றன. அவர்கள் மூலையிலுள்ள எக்ஸ் குறியைக் கிளிக் செய்து விண்டோவை மூடியிருந்தனர். அப்படி மூடினால் இணைப்பு மட்டுமே துண்டிக்கப்படும். அங்கு திறந்த புரோகிராம் விடிய விடிய ஓடிக்கொண்டு லைசென்சைப் பிடித்து வைத்திருக்கும்.

ஆகவே வேலை முடிந்ததும், ரிமோட் விண்டோவிற்குள் உள்ள ஸ்டார்ட் மெனுவில் உங்கள் பெயரைக் கிளிக் செய்து "சைன் அவுட்" தேர்ந்தெடுக்கவும். அல்லது கண்ட்ரோல், ஆல்ட், எண்ட் கீகளைச் சேர்த்து அழுத்தினால் கிடைக்கும் திரையிலும் இது இருக்கும். வழக்கமான டெலீட் கீயை அழுத்தினால் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் திரைதான் வரும்.

துண்டித்த இணைப்புகள் குறிப்பிட்ட நேரத்தில் தாமாக முடியும்படி குரூப் பாலிசியில் அமைக்கலாம். அந்த அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் வைத்தேன். அப்போது சேவ் செய்யாத பைல்கள் போய்விடும். இரவு முழுவதும் ஓட வேண்டிய வேலை இருப்பவர் நிர்வாகியிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.