டூப்ளிகேட் இல்லை, அதே அச்சு

ஆனித் திருமஞ்சனத்துக்காகச் சிதம்பரம் மேலவீதியில் மச்சினர் வீட்டில் தங்கியிருந்தோம். தேருக்கு முதல் நாள் மத்தியானம், கையோடு கொண்டுபோயிருந்த அட்டைப்பெட்டியைத் திண்ணையில் பிரித்து வைத்தேன். உள்ளே 1969 டாட்ஜ் சார்ஜர் காரின் பிளாஸ்டிக் கிட். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகன் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்தது. மச்சினர் மகன் அண்ணாமலை நகரில் என்ஜினீயரிங் படிக்கிறான். பெட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு போனில் எதையோ தேடினான்.

"மாமா, இது பழைய கிட்டாம். இப்ப திரும்பப் போட்டிருக்காங்க. அப்ப இது டூப்ளிகேட்டுதானே?"

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷத்துக்கு மேல் பிளாஸ்டிக் அச்சு செய்து பிழைத்தவன் நான். ஐ.டி.ஐ. முடித்து 1982இல் அம்பத்தூரில் ஒரு டூல்ரூமில் சேர்ந்தேன். பிறகு சொந்த ஊரான கடலூருக்கே திரும்பி, மூடி, டப்பா, சுவிட்ச் என்று என்னென்னவோ பொருளுக்கு டை அடித்துக் கொடுத்தேன். "டூப்ளிகேட்டுன்னா அச்சு வேற. இது அதே அச்சுடா" என்றேன். அவன் நம்பின மாதிரி தெரியவில்லை. அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காரைப் பற்றி. 'மசில் கார்' என்று அமெரிக்கர்கள் சொல்வது நடுத்தர அளவுக் காருக்குள் ராட்சத என்ஜினைத் திணித்த வண்டி. 1964இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வை அந்த வரிசையின் தொடக்கம் என்பார்கள். அதில் 6.4 லிட்டர் என்ஜின். நம் அம்பாசடருக்கு ரொம்ப காலம் 1489 சிசி என்ஜின்தான், அதாவது ஒன்றரை லிட்டர். சார்ஜரில் காசு கூடக் கொடுத்தால் கிடைத்த 'ஹெமி' என்ஜின் ஏழு லிட்டர், 425 குதிரைத்திறன். பத்து வருஷம்கூட அந்த ஆட்டம் நீடிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது, புகைக்குக் கட்டுப்பாடு வந்தது, 1973இல் பெட்ரோல் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. நம் பையன்களுக்கு 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படத்தில் வரும் கறுப்பு நிற 1970 சார்ஜரைக் காட்டினால் போதும், உடனே புரிந்துகொள்வார்கள்.

கார்கள் போய்விட்டன. அவற்றின் குட்டி உருவங்களை வார்த்த இரும்பு அச்சுகளில் பல இன்னும் இருக்கின்றன. நான் சொல்லவந்தது அந்த அச்சுகளைப் பற்றித்தான்.

டெட்ராய்ட் பக்கம் ஏ.எம்.டி. என்ற கம்பெனி 1948இல் தொடங்கியது. கார் ஷோரூம்களில் வாடிக்கையாளருக்குக் காட்டவும் கொடுக்கவும் புதுக் கார்களின் பொம்மை வடிவங்களைச் செய்து தந்தது. 1958இல் அதையே துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டு, வீட்டில் ஒட்டிச் சேர்க்கும் கிட்டாக விற்றார்கள். ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டலாம்: கம்பெனிக் கார், அலங்காரக் கார், பந்தயக் கார். அளவு 25இல் ஒரு பங்கு. பதினேழு அடிக்கு மேல் நீளமுள்ள சார்ஜர் இதில் 21 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. எம்.பி.சி., ரெவெல், மோனோகிராம், ஜோ-ஹான் எல்லாம் இதே தொழிலில் இருந்த மற்ற பெயர்கள்.

இப்போது அச்சுக்கு வருகிறேன். டப்பா மூடிக்கு இரண்டு பாதி போதும். இரண்டும் மூடும், உருகின பிளாஸ்டிக் பாயும், குளிரும், திறந்தால் மூடி விழும். கார் பாடிக்கு அது நடக்காது. கூரை மேலே பார்க்கிறது, கதவுக்கோடு பக்கவாட்டில், கிரில் முன்னால், விளக்கு பின்னால். நான்கு பக்கமும் தனித்தனியாக விலகும் ஸ்லைடுகள் வேண்டும். அத்தனையும் ஒரே நேரத்தில் மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் மூட வேண்டும். மூடாவிட்டால் இடுக்கில் பிளாஸ்டிக் கசிந்து பிசிறு அடிக்கும். 1960களில் இந்த வேலைக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. பெரிய மரமாதிரி செய்து, அதைத் தடவிப் பார்த்து, சின்னதாகக் குறைத்து வெட்டும் இயந்திரத்தில் இரும்பைக் குடைந்து, கடைசியில் கையால் பாலிஷ் போட்டார்கள். சார்ஜரின் கதவுப் பிடியை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கடுகளவுதான் இருக்கிறது. அதில் விரல் நுழைக்கும் குழிவுகூட இருக்கிறது. அதைக் குடைந்த ஃபிட்டரின் பெயர் பெட்டியில் இல்லை, எங்கள் தொழிலில் அது எப்போதும் இருக்காது. ஆனால் வேலையைப் பார்த்ததும் கை தெரிந்துவிடும்.

அச்சு வேலையில் ஒரு விதி உண்டு. இரும்பைக் குடைந்தால் பிளாஸ்டிக் கூடும், இரும்பைச் சேர்த்தால் பிளாஸ்டிக் குறையும். குடைவது சுலபம். சேர்ப்பதற்கு வெல்டு வைக்க வேண்டும். கடினப்படுத்திய இரும்பில் வெல்டு வைத்தால் விரிசல் விடும். இந்த விதிதான் பல பழைய கிட்டுகளின் தலையெழுத்தாகிவிட்டது. அமெரிக்கக் கம்பெனிகள் வருஷா வருஷம் காரின் முகத்தை மாற்றின. 1968 சார்ஜருக்குப் பின்னால் வட்ட விளக்குகள். 1969இல் அவை நீளப்பட்டை ஆயின, முன் கிரில்லுக்கு நடுவே ஒரு பிரிப்பும் வந்தது. கிட் கம்பெனிகளும் பல கார்களுக்குப் புது அச்சு செய்யாமல், பழைய அச்சையே வெட்டி அடுத்த வருஷ மாடலாக மாற்றிக்கொண்டன. வெட்டியதும் போன வருஷக் கார் போயே போச்சு. சிலவற்றைப் பந்தயக் காராக மாற்ற, சக்கர வளைவைப் பெரிதாக்கிக் கெடுத்தார்கள். அன்றைக்கு அது புத்திசாலித்தனமான சிக்கனம். எனக்கு மனசு ஆறவில்லை.

தப்பித்த அச்சுகள் கைமாறிக் கைமாறி வந்தன. ஏ.எம்.டி.யும் எம்.பி.சி.யும் ஒரு கட்டத்தில் எர்ட்ல் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தன. இன்று இந்தியானா மாநிலம் சவுத் பெண்டில் உள்ள ரவுண்டு 2 என்ற கம்பெனியிடம் இருக்கின்றன. ரெவெலும் மோனோகிராமும் ஒன்றாயின. அவற்றை வாங்கியிருந்த ஹாபிகோ 2018இல் திவாலானதும், அவை ஜெர்மனிக்காரர்கள் கைக்குப் போயின. ஜோ-ஹான் அச்சுகள் பல இடங்களில் சிதறிவிட்டன. இருக்கிற அச்சைத் துடைத்து, துரு எடுத்து, தேய்ந்த ஓரத்தைச் சரிசெய்து மெஷினில் ஏற்றினால் வருவதுதான் மறுவெளியீடு. பெட்டிக்குப் பழைய படத்தையே அச்சடிப்பார்கள். என் கையில் இருக்கும் சார்ஜர், 'ட்யூக்ஸ் ஆஃப் ஹஸார்ட்' டி.வி. தொடர் ஓடிய காலத்தில் எம்.பி.சி. போட்ட கிட். அதே அச்சில் இன்றைய பிளாஸ்டிக்.

காப்பி அடித்தது எப்படிக் காட்டிக்கொடுக்கும் தெரியுமா? பாலிஸ்டைரீன் குளிரும்போது ஆயிரத்தில் ஐந்து பங்கு போல சுருங்கும். 21 சென்டிமீட்டர் பாடியில் அது ஒரு மில்லிமீட்டர். அதனால் அச்சை அந்த அளவு பெரிதாகவே குடைவோம். பழைய பாடியிலிருந்து அளவெடுத்து அப்படியே புது அச்சு குடைந்தால், வார்ப்பது மறுபடி சுருங்கி ஒரு மில்லி குட்டையாக வரும். அசல் கிட்டின் கண்ணாடி அந்தப் பாடியில் உட்காராது. டூப்ளிகேட் என்றால் அதுதான். இப்போது நல்ல கம்பெனிகள், அழிந்துபோன மாடல்களுக்குப் பழைய கிட்டை ஸ்கேன் செய்து, சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்துப் புது அச்சே செய்கின்றன. அதையும் நான் மதிக்கிறேன், அதற்கு மறுவெளியீடு என்ற பெயர் மட்டும் பொருந்தாது.

இதெல்லாம் சீமைச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். 1960களின் கடைசியில், லிவர்பூல் மெக்கானோ கம்பெனியின் 'டிங்கி' கார் பொம்மைகளுடைய பழைய டைகள் கல்கத்தாவுக்குக் கப்பலேறின. எஸ். குமார் அண்ட் கம்பெனி அவற்றில் வார்த்து 'நிக்கி டாய்ஸ்' என்று விற்றது. அடித்தகட்டில் டிங்கி என்ற பெயரை அழித்து நிக்கி என்று மாற்றியிருப்பார்கள். நான் பத்து வயசில் இருந்தபோது, அப்பா மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் எனக்கு ஒன்று வாங்கிவந்தார். ஸ்டாண்டர்டு 20 மினி பஸ். அந்த நிஜ வண்டி மெட்ராஸிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் செய்ததுதான். பெயிண்ட் திட்டுத்திட்டாக இருக்கும். இருந்தாலும் அந்த அச்சின் கூர்மை இன்னும் என் விரலில் இருக்கிறது. நான் டை ஃபிட்டர் ஆனதற்கு அந்த மினி பஸ்தான் காரணம்.

கிட்டைக் கட்டுவது பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். துண்டுகளை, அவை ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டமான ரன்னரிலிருந்து முறித்து எடுக்கக்கூடாது, கட்டரால் வெட்டி, மிச்சத்தை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இதற்கான பசை உண்மையில் பசை இல்லை, பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றோடொன்று சேர்க்கும் திரவம். பெயிண்டில்தான் நான் அடிபட்டேன். முதல் கிட்டுக்கு, கார் பட்டறையில் கலக்கிக் கொடுத்த டூக்கோ பெயிண்டை அப்படியே அடித்துவிட்டேன். அதிலிருந்த தின்னர் கூரையைத் தின்று, வறண்ட ஏரி மாதிரி வெடிக்க வைத்துவிட்டது. பிளாஸ்டிக்குக்கான பிரைமரை மெல்லியதாக இரண்டு மூன்று தடவை அடித்துக் காயவிட்ட பிறகே மேல் பெயிண்ட். அதுவும் கடலூரில் ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். கடல் காற்றின் ஈரத்தில் பெயிண்ட் மேல் வெள்ளை பூத்துவிடும். மாசி, பங்குனியில் காலை பத்து மணிக்கு மேல் அடித்தால் கண்ணாடி மாதிரி நிற்கும்.

மச்சினர் மகன் அன்று இன்னொரு கேள்வியும் கேட்டான். "அப்ப நடராஜரையும் அச்சுலதானே வார்த்தாங்க?" நல்ல கேள்வி. ஐம்பொன் சிலைக்கு மெழுகில் உருவம் செய்து, மேலே வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றுவார்கள். சிலையை எடுக்க மண் அச்சை உடைத்தே ஆக வேண்டும். ஒரு அச்சுக்கு ஒரு சிலை. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே ஒற்றை உருவத்துக்குத்தான் மரியாதை. எங்கள் தொழில் அதற்கு நேர் எதிர், வார்த்தது உடையலாம், அச்சு உடையக்கூடாது.

அப்படி அச்சைக் காப்பாற்றும் ஊர் கடலூரிலேயே இருக்கிறது. வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்யும் குடும்பங்களிடம் போய்ப் பாருங்கள். பண்ருட்டிப் பக்கமும் உண்டு. முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சு. களிமண்ணையோ காகிதக் கூழையோ உள்ளே அழுத்தி, இரண்டையும் சேர்த்து, காயவைத்து வர்ணம் தீட்டுவார்கள். தாத்தா செய்த அச்சில் பேரன் பொம்மை எடுக்கிறான். அப்படி எடுத்த செட்டியார் பொம்மையை யாரும் டூப்ளிகேட் என்று சொல்வதில்லை. எத்தனை நவராத்திரிக்கு எடுத்தாலும் அது அதே செட்டியார்தான்.

மறுநாள் தேர் பார்த்துவிட்டு வந்த பிறகு, அந்தப் பையன் சார்ஜர் என்ஜினின் இரண்டு பாதியை அவனே ஒட்டினான். பொருந்துகிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தான். அதற்கப்புறம் டூப்ளிகேட் என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பொம்மை செய்த குடும்பமாக இருந்தால், உங்கள் வீட்டுப் பரணில் பழைய அச்சு எதுவும் கிடக்கலாம். ஓரம் உடைந்திருந்தாலும், ஒரு பாதி மட்டும் இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். வண்டிப்பாளையத்தில் பொம்மை செய்கிறவர்கள் யாரிடமாவது கொண்டுபோய்க் கொடுங்கள். களிமண் அழுத்திப் பார்த்து, உள்ளே யார் இருக்கிறார் என்று அவர்கள் சொல்வார்கள்.