எஞ்சின் திருத்திய காரை வைத்திருப்பதா, விற்பதா?

புலம்பெயர்ந்து வாழும் எம்மவரில் பலர் முதலில் வாங்குவது பிறர் ஓடிவிட்டு விற்ற காரையே. ஆதலால் எஞ்சின் பழுது என்னும் இடி எம் வீடுகளில் என்றாவது ஒருநாள் விழவே செய்கின்றது. கராச்சுக்குப் பெருந்தொகை செலுத்தி வாகனத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னரே உண்மையான கேள்வி எழுகின்றது. இதனைத் தொடர்ந்து வைத்திருப்பதா? ஓடும் நிலையில் இருக்கும்போதே விற்றுவிடுவதா?

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் வாழும் எமது நண்பர் ஒருவரை இக்கேள்வி கடந்த பனிக்காலத்தில் எதிர்கொண்டது. அவர் தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர். கார் இல்லையேல் வேலை இல்லை. பன்னிரண்டு ஆண்டுப் பழையதான அவரது கார் 240,000 கிலோமீற்றர் ஓடியிருந்தது. ரேடியேற்றர் நீர் கசிந்து எஞ்சின் கொதித்ததில் ஹெட் காஸ்கற் போய்விட்டது. அலுமினிய ஹெட் அத்தகைய வெப்பத்தில் வளைந்துவிடக் கூடியது. அதனைக் கழற்றிச் சமதளமாகச் சீவி, வெடிப்பு உண்டா எனச் சோதித்து மீண்டும் பூட்டியதற்கு 3,200 டொலர் சென்றது.

“இவ்வளவு காசைக் கொட்டிப்போட்டு எப்படி விற்கிறது?” என்றார் நண்பர். “அடுத்தது உடையிறதுக்கு முதல் தள்ளிவிடுங்கோ” என்றார் அவர் மனைவி. இருவர் பக்கமும் நியாயம் உண்டு போலத் தோன்றும். எனினும் ஒன்று கழிந்த செலவைப் பார்த்துச் சொன்னது. மற்றது அச்சத்தால் சொன்னது. காரை விற்றாலும் வைத்திருந்தாலும் அந்த 3,200 டொலர் திரும்பி வரப்போவதில்லை. கணக்கு இன்றைய நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.

நாம் அவருடன் அமர்ந்து அவ்வாறே கணக்கிட்டோம். அன்றைய நிலையில் கார் 2,500 டொலருக்கு விலைபோகும். பிறேக், ரயர், சிறு திருத்தங்கள் என ஆண்டுக்கு 1,500 டொலர் ஒதுக்குவோம். இரண்டு ஆண்டுகளின் பின் அது பழைய இரும்புக்கே போனாலும் மொத்த இழப்பு 5,500 டொலர். மாறாக, மாதம் 480 டொலர் கட்டும் ஆறாண்டுக் கடனில் வேறு கார் எடுத்தால், அதே இரண்டு ஆண்டுகளில் 11,520 டொலர் கட்டியிருப்பார். அக்காருக்கு அப்போது ஒரு விலை இருக்கும் என்பது உண்மை. நான்கு ஆண்டுக் கடனும் கூடவே இருக்கும். கடன் கொடுப்போர் முழுக் காப்புறுதியையும் கேட்பர். பழைய காருக்கோ, தன் வாகனச் சேதத்துக்கான காப்புறுதியைக் கைவிட்டுக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

முற்பணத்துக்கு நண்பர் எண்ணியிருந்தது சீட்டுக் காசு. அது ஊரிலுள்ள தங்கையின் வீட்டுக்குக் கூரை போடவென்று கட்டிய சீட்டு.

ஆயினும் கணக்கு மட்டும் போதாது. ஊரில் பொருளாதாரத் தடை நிலவிய 1990களில், பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களை எம்மவர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். வேறு வழியின்மையே அவற்றை வாழவைத்தது. இங்கோ பனிக்காலத்தில் வீதிக்கு இடும் உப்பு, எஞ்சினுக்கு முன்னரே உடலைத் தின்றுவிடுகின்றது. எனவே காரை உயர்த்தி, எஞ்சினையும் சில்லுகளையும் தாங்கும் அடிச்சட்டத்தைப் பார்க்க வேண்டும். மேற்கறள் பரவாயில்லை. தட்டும்போது உதிர்ந்தால், எஞ்சின் எவ்வளவு நன்றாயினும் அந்தக் காரில் இனிக் காசு போடலாகாது. கியர்பொக்ஸ் ஒயில் கறுத்துத் தீய்ந்த மணம் வீசினாலும் விற்பதே மேல். நண்பரின் காரில் இவ்விரண்டு குறைகளும் இருக்கவில்லை. அவர் வைத்திருக்கவே முடிவு செய்தார். மாதம் 200 டொலரைத் திருத்தச் செலவுக்கென ஒதுக்கி வருகின்றார். கூரைக் காசு ஊருக்குப் போய்விட்டது.

வைத்திருப்போர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். செய்த வேலைக்கும் போட்ட பாகங்களுக்கும் உரிய உத்தரவாதத்தை எழுத்தில் பெறுங்கள். முதற் சில வாரங்கள் ரேடியேற்றர் நீர் குறைகின்றதா, ஒயில் பால்போல வெளுக்கின்றதா என்று பாருங்கள். இவை தென்பட்டால் தாமதியாது கராச்சுக்குச் செல்லுங்கள். வெப்பமானியின் முள் ஏறினால் வேலைக்குப் பிந்தினாலும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

விற்போருக்கும் ஒரு சொல். ஒன்ராறியோவில் விற்பனையின்போது கேட்கப்படும் பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாட்களுக்கே செல்லுபடியாகும். பரிசோதித்த நாளில் பிறேக், விளக்கு, ஸ்ரியரிங் முதலியன ஒழுங்காயிருந்தன என்பதே அதன் பொருள். எஞ்சின் எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு அது பொறுப்பல்ல. எம்மவர் விற்கும் பழைய காரை வாங்க வருபவர் பெரும்பாலும் நேற்று வந்திறங்கிய இன்னொரு எம்மவரே. திருத்திய பற்றுச்சீட்டை அவரிடம் மறைக்காமல் கொடுங்கள். விலையில் சில நூறு டொலர் குறையலாம். அந்தக் காரை நம்பித்தான் அவரும் இரவு வேலைக்குப் போகப்போகின்றார்.